துணிக்குள் ஒரு மணி நேரம்

"கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்துங்க அண்ணி" என்கிறார் நாத்தனார். அக்கா நிமிர்த்துகிறார். கறுப்புத் துணி ஒருமுறை உதறப்பட்டு, மார்பில் வந்து விழுந்து, மடியையும் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. பின்கழுத்தில் முடிச்சு. முடிச்சுப் போட்ட கையோடு அக்காவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நாத்தனார் தன் நாற்காலியில் காத்திருக்கும் ஆளிடம் போய்விடுகிறார். அக்காவுக்கு யாரும் முடி வெட்டப்போவதில்லை, சாயம் பூசப்போவதும் இல்லை. அடுத்த ஒரு மணி நேரம் அவர் அந்தத் துணிக்குள் சும்மா உட்கார்ந்திருப்பார்.

மதியம் இரண்டு மணிக்கு இந்தச் சலூனுக்குள் புதிதாக நுழைகிறவர்கள் குழம்பித்தான் போவார்கள். தலையில் ஈரம் இல்லை, கையில் ஃபோன் இல்லை, பக்கத்தில் கத்தரியோடு யாரும் இல்லை. ஒரு அம்மாள் மட்டும் துணியைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். "அவங்களுக்கு என்ன, டையா?" என்று போன வாரம் ஒருவர் கேட்டார். "ஆமா, ஊறிக்கிட்டு இருக்காங்க" என்றார் நாத்தனார், சீப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்காவுக்கு இந்தத் தெரு வைத்திருக்கும் பெயர் எக்ஸ்பிரஸ் அக்கா. நாற்காலியில் உட்கார்ந்தவர் மழையைப் பற்றி ஆரம்பித்த பேச்சை முடிப்பதற்குள் தலை முடிந்திருக்கும். அவசர வேலை என்று நினைத்துவிடக் கூடாது. கிருதா இரண்டும் ஒரே அளவில் நிற்கும், பிடரியில் ஒரு பிசிறு இருக்காது. முடியை வெட்டாத நேரத்திலும் அவர் கையில் கத்தரி சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. சீப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதற்குள் வெறுங்காற்றை நாலு தடவை நறுக்கிவிடும். பேசினால் நறுக்கும், சிரித்தால் இன்னும் வேகமாக நறுக்கும்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், சலவைக் கடைக்கும் சாவி போடுகிறவரின் கடைக்கும் நடுவில் இருக்கிறது சலூன். இரண்டு நாற்காலிகள், சுவர் முழுக்க ஒரு கண்ணாடி, தலை கழுவ ஒரு தொட்டி, பின்னால் துண்டு துவைக்க ஒரு சின்ன அறை. ஆண், பெண், குழந்தை எல்லாருக்கும் வெட்டுவார்கள். ஒரு நாற்காலி அக்காவுடையது, இன்னொன்று நாத்தனாருடையது. நாத்தனார் என்றால் அக்காவின் கணவருக்குத் தங்கை. வயது நாற்பதைத் தொட்டாயிற்று. வீட்டில் கடைக்குட்டி என்பதால் அக்காவுக்கு அவர் இன்னும் "பாப்பா"தான்.

எனக்கும் அக்காவுக்கும் பழக்கம் ஏற்பட்டது என் உச்சந்தலையால். "முகம் மறந்துடும் தம்பி, சுழி மறக்காது" என்பார். எனக்கு இரட்டைச் சுழி. சந்தையில் எதிரே வந்தால் கண்டுகொள்ளமாட்டார். தாண்டிப் போனதும் பின்னால் இருந்து, "அட, ரெட்டைச் சுழித் தம்பியா" என்று குரல் வரும். ஒருமுறை காரணம் கேட்டதற்கு, "நான் எல்லாரையும் கண்ணாடியிலதானே பார்க்கறேன். நேர்ல பார்த்தா யாரோ மாதிரி இருக்கீங்க" என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். நாள் முழுக்க வாடிக்கையாளரின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு எங்கள் முகங்கள் இடவலம் மாறித்தான் பழக்கம்.

எக்ஸ்பிரஸ் எங்கேயும் நிற்பதில்லை என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை இருந்தது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. காலையில் கடை திறந்ததிலிருந்து மூடும்வரை அவர் நின்றுகொண்டேதான் இருப்பார். சாப்பாடுகூடத் தொட்டி ஓரத்தில் நின்றபடி, ஒருவர் தலையில் ஷாம்பூ நுரைத்துக்கொண்டிருக்கும் இடைவெளியில்தான். "சோத்துல முடி கிடந்தா மத்த வீட்ல சண்டை வரும். எங்க வீட்ல முடி இல்லைன்னாத்தான், எந்தக் கடையில வாங்கினேன்னு கேப்பாங்க" என்று அதையும் சிரிப்பாக்கிவிடுவார். உள்ளே யார் தலை நீட்டினாலும் அவரிடம் ஒரே பதில் இருந்தது. "பத்தே நிமிஷம் உக்காருங்க, வந்துடறேன்." பக்கத்தில் நாத்தனாரின் நாற்காலி காலியாக இருக்கும். பெஞ்சில் ஐந்து பேர் அக்காவுக்காகக் காத்திருப்போம்.

நாத்தனார் வெட்டுவது மோசம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நிதானமான கை. ஆனால் அவர் ஒரு தலையை முடித்து, ஆளை எழுப்பப் போகும் நேரத்தில் அக்கா தன் இடத்திலிருந்து எட்டிப் பார்ப்பார். "ஒரு சின்ன டச்" என்று சொல்லிக்கொண்டே வந்து, காதோரம் ரெண்டு, பின்னால் நாலு என்று நறுக்கிவிட்டுப் போவார். அன்பாகத்தான் செய்தார். வருடக்கணக்கில் இப்படி நடந்ததில், நாத்தனார் எந்தத் தலையையும் தானாக முடிக்கிற பழக்கத்தையே விட்டுவிட்டார். கடைசி நறுக்குக்கு முன் கத்தரியை நிறுத்திக்கொண்டு, கண்ணாடி வழியாக அண்ணியைப் பார்ப்பார். அண்ணி தலையசைத்தால்தான் தலை முடிந்ததாக அர்த்தம். இரண்டு நாற்காலி இருந்தும் அந்தக் கடையில் ஒரே ஒரு ஆள்தான் வேலை செய்துகொண்டிருந்தார் என்பது எங்களுக்குப் புரிய, என் தலை பலியாக வேண்டியிருந்தது.

அது ஒரு சனிக்கிழமை, பெஞ்சில் இடமில்லை. என் முறை வந்தது, உட்கார்ந்தேன், அக்கா வழக்கம்போல் வெட்டி முடித்தார். பிரஷால் கழுத்தைத் தட்டினார், துணியை அவிழ்த்தார், உதறினார். நான் எழுந்திருக்கக் கையை ஊன்றுவதற்குள், உதறிய துணியை மறுபடி என் கழுத்திலேயே கட்டினார். தண்ணீர் தெளித்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சொல்லுங்க, எப்படி வெட்டணும்?" என்றார்.

வேலை தெரிந்தவர் ஏதோ குறை கண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். தவிர, கத்தரி வைத்திருக்கிறவரிடம் எதிர்வாதம் பண்ணும் குணம் எனக்குக் கிடையாது. "எப்பவும் போலத்தான் அக்கா" என்றேன். எப்பவும் போல இரண்டாவது தடவையாக வெட்டினார். அதே வரிசை, அதே வேகம், அதே சுத்தம். கண்ணாடியில் என் நெற்றி மேலே ஏறிக்கொண்டே போனது. பாதித் தலையில்தான் நாத்தனார் திரும்பிப் பார்த்தார். "அண்ணி, இவரை இப்பத்தானே முடிச்சீங்க" என்றார் மெதுவாக.

அக்காவின் கத்தரி நின்றது. அது நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். தரையில் கிடந்த முடியைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், பிறகு பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரையும் அடையாளம் தெரியாத பார்வை. கத்தரியை மேசையில் வைத்துவிட்டு, துண்டு துவைக்கும் அறைக்குள் போய், கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். "இன்னைக்கு யார் யார் வந்தாங்கன்னே தெரியலை பாப்பா. காலையில இருந்து ஒரே தலையை வெட்டற மாதிரி இருக்கு." அவ்வளவுதான் சொன்னார். மடியில் கிடந்த வலது கை மட்டும் தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. என் மிச்சத் தலையை நாத்தனார் சமப்படுத்தி அனுப்பினார். வீட்டில் கதவைத் திறந்த என் மனைவி, "பட்டாளத்துல சேர்ந்துட்டீங்களா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கை கண்ணுக்குள்ளேயே நின்றது.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. பல மாதங்களாக அக்காவுக்குச் சரியான தூக்கம் இல்லை. அந்த வாரத்தில் ஒரு குழந்தையின் காதில் லேசாகக் கீறிவிட்டிருக்கிறார். அவர் கையால் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், "பத்து நிமிஷம் உக்காருங்க" என்று பதில் சொல்லியிருக்கிறார். டாக்டரம்மா எல்லாப் பரிசோதனையும் பார்த்துவிட்டு, "கையில ஒண்ணும் இல்லைம்மா. நீங்கதான் காலியாயிட்டீங்க. ரெஸ்ட் எடுங்க. இப்படியே போனா கத்தரியை நீங்க கீழ வைக்க வேண்டியதில்லை, அதுவே விழுந்துடும்" என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலை. பிடித்ததும் இந்த ஒரு வேலை. அது போய்விட்டால் என்ன செய்வது என்று என்னிடமே கேட்டார்.

ஒரு மாதம் விடுப்பு என்று வீட்டில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தாரா என்று கேட்காதீர்கள். முதல் நாள் வாசல் மிதியடியின் ஓரக் குஞ்சத்தைச் சமமாக வெட்டினார். "ஒரு பக்கம் நீளமா இருந்துச்சு." அடுத்த நாள் திரைச்சீலையின் நூல்கள், தொட்டிச் செடி, விளக்குமாற்றின் நுனி. அக்காவின் கணவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர், பேச்சு கம்மி. வீட்டில் இருந்த கத்தரிகளை எல்லாம் பொறுக்கித் தன் சாப்பாட்டுப் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப்போய்விட்டார். அக்கா நகவெட்டியை எடுத்துக்கொண்டார். "நான் சாயங்காலம் அசந்து உக்காந்தா மீசையைக் கொஞ்சம் சரி பண்ணிடுவா. தினம் கொஞ்சம். ஒரு நாள் கண்ணாடியில பார்த்தேன், மீசையே இல்லை. அப்பத்தான் சார் எனக்குப் பயம் வந்துச்சு" என்றார் என்னிடம், மூக்குக்குக் கீழே தடவிக்கொண்டே.

இரண்டாவது வாரம் அக்கா கடைக்குத் திரும்பிவிட்டார். வீட்டில் உட்கார்ந்திருந்தால் கடையில் யார் காத்திருக்கிறார்களோ என்ற நினைப்பு அரித்துக்கொண்டே இருக்கிறதாம். அதற்குக் கடையிலேயே நின்றுவிடலாம் என்றார். திரும்பிய அன்றே பெஞ்சு நிறைந்தது. எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது என்று நாங்களும் சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் மதியம் அவர் கையிலிருந்து சீப்பு விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடி விழுந்தது.

நாத்தனார் தன் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு வந்து, அண்ணியின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, கறுப்புத் துணியை உதறி அவர் கழுத்தில் கட்டினார். "என்னடி பாப்பா இது?" என்றார் அக்கா. "துணி கட்டியாச்சு அண்ணி. இப்ப நீங்க கஸ்டமர். எந்திரிக்கக் கூடாது."

இதை வேறு யார் சொல்லியிருந்தாலும் அக்கா எழுந்திருப்பார். ஆனால் துணிச் சட்டம் அவரே போட்டது. அந்தக் கடையில் துணி கட்டிய பிறகு, கட்டியவர் அவிழ்க்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. முடி கடையெங்கும் சிந்தும், கழுத்துக்குள் போகும், பாதி வெட்டில் ஆள் அசைந்தால் கத்தரி படும் என்று காரணங்கள் சொல்வார். ஃபோன் வந்தால் எழ முடியாது, வாசலில் வண்டியை யாராவது எடுத்தால் எழ முடியாது. பெரிய அதிகாரி ஒருவரையே, "துணி கட்டின அப்புறம் நீங்க என் பொறுப்பு சார், உக்காருங்க" என்று அதட்டியவர். அந்த அதிகாரி உட்கார்ந்ததைப் பெருமையாகப் பல தடவை எங்களிடம் சொன்னவர். எனவே வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் மதியம் ஒரு மணி நேரம், அவரை உட்கார வைத்து நாத்தனார் துணி கட்டுகிறார்.

ஆரம்பத்தில் அதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. துணிக்குள் விரல்கள் ஓயாமல் நறுக்கிக்கொண்டிருக்கும். உள்ளே பூனைக்குட்டி புகுந்த மாதிரி துணி இங்கே எழும்பும், அங்கே எழும்பும். கை அடங்கினால் வாய் ஆரம்பிக்கும். "பாப்பா, பின்னாடி இன்னும் கொஞ்சம் எடு." "கஸ்டமர் இன்னொரு கஸ்டமரைப் பத்திப் பேசக்கூடாது" என்பார் நாத்தனார். "இல்லடி, இடது பக்கம்." "உங்களுக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க." உங்களுக்கு என்ன வேண்டும் என்று அக்காவிடம் யாரும் கேட்டுப் பழக்கமில்லை போலும். பதிலைத் தேடுவதுபோலக் கண்ணாடியைப் பார்ப்பார்.

ஒரு நாள் முழு மணி நேரமும் அக்கா அசையாமல், சத்தம் போடாமல் இருந்தார். அடடா, பழகிவிட்டது என்று எல்லாருக்கும் நிம்மதி. நாத்தனார் துணியை அவிழ்த்து உதறியபோது, கறுப்புத் துணுக்குகள் பொலபொலவென்று தரையில் விழுந்தன. ஏப்ரன் பையில் ஒரு குட்டிக் கத்தரியை ஒளித்துவைத்திருந்து, மடியில் கிடந்த துணியின் ஓரத்தை உள்ளுக்குள்ளேயே வளைவு வளைவாக வெட்டித் தள்ளியிருக்கிறார். வெட்டியது அவருக்கே தெரியாது என்று சத்தியம் செய்தார். நான் நம்புகிறேன். அதற்குப் பிறகு துணி கட்டும் முன் நாத்தனார் அண்ணியின் பைகளைத் தட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. அக்காவும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, விமான நிலையத்தில் நிற்பது போல நிற்பார். அந்த ஓரம் போன துணிதான் இப்போது அவருக்கென்று ஒதுக்கிய துணி.

வாடிக்கையாளர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "கடையைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருந்தா என்னங்க அர்த்தம்?" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார் ஒருவர். அவர் போய் வெகு நேரத்துக்கு அக்காவின் முகம் வாடியே இருந்தது. "சும்மா உக்காந்தா திருடற மாதிரி இருக்கு தம்பி. யாரோட நேரத்தையோ எடுத்துக்கற மாதிரி" என்றார். உங்களுடைய நேரம்தானே அக்கா என்று நான் சொன்னேன். "அதைத்தான் டாக்டரம்மாவும் சொல்றாங்க, பாப்பாவும் சொல்றா. எனக்குத்தான் உள்ள இறங்க மாட்டேங்குது." இதைக் கேட்டபோது எனக்கு அவர் மேல் கோபமே வந்தது. ஒரு மணி நேரம் உட்கார ஒரு மனுஷிக்கு இத்தனை பேரின் அனுமதி வேண்டியிருக்கிறதே என்று.

எப்படி இறங்கியது என்று தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்தது. மதியத்தில் வெயில் ஜன்னல் வழியாக வந்து ஷாம்பூ பாட்டில்களின் மேல் விழுகிறது என்பதை அக்கா கண்டுபிடித்தார். "இந்தக் கடையில வெயில் வருதுன்னே எனக்குத் தெரியாது தம்பி. வந்து, அந்தப் பச்சைப் பாட்டில்கிட்ட நின்னுட்டு, போயிடுது." பக்கத்துச் சலவைக் கடையின் இயந்திரம் சுற்றி நிற்கும்போது ஒரு பெருமூச்சு விடுகிறது என்றார். ஒருமுறை நாற்காலியைத் திருப்பி, பெஞ்சில் இருந்த என்னை நேருக்கு நேராக நெடுநேரம் பார்த்துவிட்டு, "உங்க மூக்கு இந்தப் பக்கமா சாஞ்சிருக்கு? இத்தனை நாள் அந்தப் பக்கம்னு நினைச்சேன்" என்றார். என் மூக்கு சாய்ந்திருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி.

கை நடுக்கம் குறைந்தது. தூக்கம் வருகிறது என்றார். ஆனால் முழுக்கச் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். போன மாதம் கூட்டம் அதிகமான ஒரு நாளில், "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பாப்பா" என்று துணி கட்டிக்கொள்ளாமல் விட்டார். மறுநாளும் "இன்னைக்கு ஒரு நாள்." அப்படியே வாரம் முழுக்கப் போனது. வாரக் கடைசியில் சீப்பு மறுபடி விழுந்தது. டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்காமல், இனி ஒரு தடவை இப்படி நடந்தால் கடையை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்.

நான் சொல்ல வந்தது போன வியாழக்கிழமை நடந்தது. இரண்டு மணி தாண்டியிருந்தது. அக்கா துணிக்குள் இருந்தார், நான் பெஞ்சில் நாத்தனாருக்காகக் காத்திருந்தேன். (இப்போதெல்லாம் அவர் நாற்காலிக்கும் வரிசை உண்டு.) கதவைத் தள்ளிக்கொண்டு அக்காவின் மகள் வந்தாள். படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் பெண். தேய்த்த சட்டை, கையில் கோப்பு, மூச்சு வாங்கியது. "அம்மா, இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டுட்டாங்க. இன்னைக்கே, நாலு மணிக்கு. ரெண்டே முக்கால் பஸ்ஸைப் பிடிச்சாத்தான் போக முடியும். தலையைப் பாரு, எப்படி இருக்குன்னு."

எல்லாரும் பார்த்தோம். அந்தப் பெண்ணின் முடி தோளுக்குக் கீழே ஏற்ற இறக்கமாகத் தொங்கியது. முன்முடி கண்ணில் விழுந்தது. ஊருக்கெல்லாம் வெட்டிய அக்கா, சொந்த மகளுக்கு "நாளைக்கு வெட்டறேன்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறார். வேறு யாரிடமாவது வெட்டிக்கொள் என்றும் விடமாட்டார். அவள் பிறந்ததிலிருந்து அந்தத் தலையில் வேறு ஒருவர் கத்தரி பட்டதில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

அக்கா எழுந்துவிட்டார். துணி முன்னால் தொங்க, கை இரண்டும் பின்கழுத்து முடிச்சைத் தேடின. "வா, வா, உக்காரு. பத்தே நிமிஷம்." முடிச்சு இறுகியிருந்தது, அவிழவில்லை. "பாப்பா, இதை அவுத்து விடு."

நாத்தனார் கைவேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார். அவருக்கும் அதுதான் வசதி என்று முகத்தில் தெரிந்தது. அண்ணன் மகள் தலை, அதுவும் இன்றைக்கு. முடிச்சில் கை வைத்துவிட்டார்.

"அத்தை, அவுக்காதீங்க" என்றாள் மகள்.

"ஏன்டி, பஸ்ஸுக்கு நேரமாகலையா?" என்றார் அக்கா.

"ஆகுது. நீ உக்காரும்மா. துணி கட்டியிருக்கு."

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும்டி. உனக்காகத்தானே."

"எனக்காகத்தான் சொல்றேன். போன மாசமும் ஒரு நாள்னுதான் ஆரம்பிச்சே. நான் வேலைக்குப் போய், நீ வீட்ல உக்காந்து விளக்குமாத்தை வெட்டிக்கிட்டு இருக்கறதை என்னால பார்க்க முடியாது." சொல்லிவிட்டு, அத்தையின் நாற்காலிப் பக்கம் போய் நின்றாள். அங்கே பாதி வெட்டில் இருந்த ஆள் யாரும் சொல்லாமலே எழுந்து, துணியோடு பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். எழுந்து ஒரு சட்டத்தை மீறியது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, முடிச்சை அவிழ்க்காமலே உட்கார்ந்திருந்தார். மகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "நீங்க வெட்டுங்க அத்தை" என்றாள்.

அக்கா நின்றார். பிறகு மெல்ல, பின்பக்கமாகக் காலால் நாற்காலியைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் உட்கார்ந்தது உடம்பு மட்டும்தான். கண் இரண்டும் கண்ணாடியில் மகளின் தலைமேல் ஒட்டிக்கொண்டிருந்தன.

நாத்தனார் தண்ணீர் தெளித்தார், சீவினார், பிரித்துக் கிளிப் போட்டார். அக்காவாக இருந்தால் வலது பக்கம் தொடங்குவார். நாத்தனார் பின்னாலிருந்து தொடங்கினார். அக்காவின் துணி எழும்பியது. நாத்தனாரின் கை மெதுவாகத்தான் போகும். ஒரு கொத்தை எடுத்து, அளந்து, இன்னொரு தடவை அளந்து, அப்புறம் ஒரு நறுக்கு. கடிகாரத்தைப் பார்ப்பதும் மகளின் தலையைப் பார்ப்பதுமாக இருந்தார் அக்கா. துணிக்குள் விரல்கள் வெட்டிக்கொண்டே இருந்தன. உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒரு சமயம் "பாப்பா" என்றார். நாத்தனார் நிமிர்ந்ததும், "ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டார்.

பின்பக்கம் சமமாயிற்று, பக்கங்கள் இறங்கி வந்து தோளில் சேர்ந்தன. நன்றாகத்தான் இருந்தது. அக்கா வெட்டினால் இருப்பதுபோல் இல்லை, வேறு மாதிரி, கொஞ்சம் சாந்தமாக இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் தெளிந்து வெளியே தெரிந்தது. மிச்சம் இருந்தது முன்முடி மட்டும். நாத்தனார் அதைச் சீவி, இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, கத்தரியைக் கொண்டுபோனார்.

கொண்டுபோன இடத்தில் நிறுத்திவிட்டார். கண் தானாக எழும்பி, கண்ணாடி வழியாக அண்ணியிடம் போனது. எவ்வளவு விடட்டும், சரியாக இருக்கிறதா, நீங்கள் வந்து ஒரு டச் செய்கிறீர்களா என்று எல்லாமும் அந்தப் பார்வையில் இருந்தது. மகளும் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்த நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். அக்காவின் வாய் திறந்தது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், அந்தக் கடையில் எல்லாருக்கும் தெரியும்.

அக்கா வாயை மூடிக்கொண்டார். தலையை நாற்காலியின் முதுகில் சாய்த்து, கண்களை இறுக்க மூடி, விழித்திருக்கிறவரால் மட்டுமே விட முடிகிற சத்தத்தில், சலவைக் கடை வரைக்கும் கேட்கும்படி குறட்டை விட ஆரம்பித்தார்.